பெரிட்ஜின் கால்களுக்கு நடுவே போன பந்து

அந்த ஞாயிற்றுக்கிழமை சான்டா இனேஸ் சர்க்கரை ஆலையின் பேஸ்பால் மைதானத்தில் முதல் பந்து பெரிட்ஜை நோக்கி உருண்டபோது யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பந்து பெரிட்ஜ் பக்கம் போனால் அடித்தவன் அவுட். பதினோரு வருஷமாக அப்படித்தான். அதனால் கூடியிருந்த எண்ணூறு பேரும் கண்ணை, அடித்தவன் ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, பந்து அவனுக்கு முன்னால் அங்கே வந்து சேரக் காத்திருந்தார்கள்.

பந்து வரவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அது பெரிட்ஜின் கால்களுக்கு நடுவே நுழைந்து, பின்னால் புல்வெளியில் சாவகாசமாக உருண்டுகொண்டிருந்தது. பெரிட்ஜ் கையுறையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கியபடி நின்றிருந்தான். யாரோ நீட்டிய தட்டை வாங்கப்போகிறவன் மாதிரி. கையுறை காலியாக இருந்தது. எதிரணிக்காரன் ஓடி முதல் தளத்தைத் தாண்டி இரண்டாவதற்கும் போய்விட்டான். அவனுக்கும் நம்பிக்கை வரவில்லை. தளத்தின் மேல் நின்றுகொண்டு, ஆட்டம் ஏதாவது நின்றுபோயிருக்கிறதா என்று நடுவரைப் பார்த்தான்.

கூட்டம் கத்தவில்லை. திட்டவும் இல்லை. தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவே மயங்கி விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

தியோபிலோ பெரிட்ஜுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அவனுடைய அப்பா கரும்பு வெட்ட செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து கப்பலில் வந்தவர். பெரிட்ஜ் பிறந்தது ஆலைக் குடியிருப்பின் நீள வரிசையில் ஏழாவது அறையில். அவன் சான்டா இனேஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கிற காவல். தரையோடு வரும் பந்தில் பாதி அந்த வழியாகத்தான் வரும். அந்த மைதானமும் பெயருக்குத்தான் மைதானம். நாலு விரல் மண்ணுக்குக் கீழே பவளப்பாறை. அதன் முனைகள் அங்கங்கே நாய்ப்பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பந்து ஒன்றில் பட்டால் முகத்துக்கு எகிறும், இன்னொன்றில் பட்டால் பக்கவாட்டில் பாயும். வெளியூர் ஷார்ட்ஸ்டாப்புகள் அங்கே மூக்கை உடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பெரிட்ஜ் மட்டும் பந்து எகிறுவதற்கு முன்பே எகிறப்போகிற இடத்தில் கையை வைத்திருப்பான். காந்தம் என்று பேர் வைத்தார்கள்.

மட்டை என்றால் கதை வேறு. நூறு தடவை மட்டை பிடித்தால் பதினான்கு தடவை பந்து உருப்படியாகப் போகும், அதுவும் பந்தின் தயவில். அவன் முறை வரும்போது கூட்டம் மொத்தமாக எழுந்து யானிகேகே வாங்கப் போய்விடும். மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்தெடுக்கும் மிஸ் பேபிக்கு வியாபாரமே அப்போதுதான்.

"பெரிட்ஜ் மட்டையத் தூக்கிட்டான், அடுப்ப ஊது!" என்று அவள் கத்துவது மட்டை பிடித்து நிற்கும் அவனுக்கே கேட்கும். சிரித்துவிடுவான். பந்து அதற்குள் போயிருக்கும்.

இதெல்லாம் யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை, அந்த வருஷம் ஜனவரியில் தலைநகரிலிருந்து புது நிர்வாகி தோன் எவாரிஸ்தோ வந்து சேரும் வரை. அவர் ஆலையின் எல்லாப் பதிவேடுகளையும் வாசித்தார். அணியின் பதிவேட்டையும் விடவில்லை. அணியில் இருப்பவர்களுக்கு ஆலை வருஷம் முழுக்க வேலை தரும். பெரிட்ஜ் கரும்பு எடைமேடையில் இருந்தான். அணியில் இல்லாதவர்களுக்கு அரவைக் காலத்தோடு சரி. மீதி ஆறு மாதம், இங்கே செத்த காலம் என்று சொல்வார்கள், வேலையும் கிடையாது, குடியிருப்பு அறையும் நிச்சயம் கிடையாது.

தோன் எவாரிஸ்தோ பயிற்சியாளர் பொலோவைக் கூப்பிட்டுவிட்டார்.

"இந்த ஆளு பதினோரு வருஷமா என்ன பண்ணிட்டிருக்கான்?"

"புடிக்கறான் ஐயா."

"புடிச்சது எங்க எழுதியிருக்கு?"

"எழுதலீங்க. எல்லாரும் பாத்துட்டுத்தானே இருக்கோம்."

"நான் பாக்கல. தலைநகர்ல ஒரு பையன் இருக்கான், நூத்துக்கு முப்பது அடிக்கறான். அவனும் ஷார்ட்ஸ்டாப்தான். இறுதிப்போட்டி முடிஞ்ச மறுநாள் புதுப் பட்டியல் ஒட்டணும். அதுக்குள்ள உன் ஆளு எதுக்கு இருக்கான்னு என் கண்ணுக்குத் தெரியணும்."

இறுதிப்போட்டி மூன்று ஆட்டம், லா எஸ்பிகா ஆலையோடு. முதல் ஆட்டம் அவர்கள் ஊரில். சான்டா இனேஸ் ஜெயித்தது, ஆனால் அன்று நிர்வாகி வரவில்லை. இரண்டாவது சொந்த மைதானத்தில். அதற்கு வருகிறார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது.

சனிக்கிழமை காலையில் பெரிட்ஜின் மனைவி ஆல்மா ஒரு காரியம் செய்தாள். அவளுக்கு அந்தக் கற்களோடு பதினோரு வருஷப் பகை. கணவனின் கீழ்ப்பல் இரண்டு போனது, காறை எலும்பு விரிசல் விட்டது, எல்லாவற்றுக்கும் மருந்து வைத்துக் கட்டியவள் அவள்தான். "நாளைக்கு ஒரு நாளாவது அவனுக்குப் பந்து நேரா வரட்டும்" என்று வரிசை வரிசையாக அறைக்கதவுகளைத் தட்டினாள். நாற்பது பேர் சேர்ந்தார்கள். கடப்பாரை, சுத்தியல், கூடை. பாறை முனைகளை ஒவ்வொன்றாக உடைத்தெடுத்தார்கள். சலித்த செம்மண்ணையும் ஆலையிலிருந்து வரும் சாற்றுக்கசடையும் கலந்து கொட்டினார்கள். ஆல்மா நேராக ஆபீஸ் வாசலில் போய் நின்று, பாதை சமப்படுத்துகிற உருளையைக் கேட்டாள். தோன் எவாரிஸ்தோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெரிட்ஜ் அன்று முழுக்க ஒன்பதாம் வயல் எடைமேடையில் இருந்தான். அவனிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு தேவாலயம் முடிந்து அவன் மைதானத்துக்கு வந்தபோது எண்ணூறு முகமும் அவன் முகத்தைப் பார்த்தது. தரை இஸ்திரி போட்டு மடித்த துணி மாதிரி கிடந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் ஆல்மா. இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தாள்.

"இது நம்ம மைதானமா?" என்றான். அவனுக்குமே அந்த நிமிஷத்தில் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. வாழ்க்கையில் யாரும் அவனுக்காக ஒரு நாள் முழுக்கக் கல் உடைத்ததில்லை.

அதற்கப்புறம்தான் அந்த முதல் பந்து.

இரண்டாவது பந்து அதே இன்னிங்ஸில் வந்தது. பெரிட்ஜ் இடதுபக்கம் ஒரு அடி வைத்துக் குனிந்தான். பந்து வலதுபக்கம் நேராகப் போனது. அவன் குனிந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. முகத்தில் அறை வாங்கியவன் போலத் தலையைத் தூக்கினான். இரண்டு ஓட்டம். இரண்டாம் இன்னிங்ஸில் குழந்தைகூடப் பிடிக்கும் ஒரு பந்து, மெல்ல, கெஞ்சுவது மாதிரி வந்தது. அவன் அதற்காகத் துள்ளினான். அது அவனுக்குக் கீழே போய்விட்டது. இன்னொரு ஓட்டம்.

யானிகேகே பொரிகிற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. மிஸ் பேபி கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். சட்டியில் இருந்தது கருகியது.

"சூனியம் வெச்சுட்டானுங்க" என்றார் ஒருவர்.

"யாரு?"

"யாரோ. இது மனுஷன் பண்ற தப்பா? காந்தத்துலேருந்து இரும்பு வழுக்குமா?"

கூரைக்குக் கீழே நாற்காலியில் தோன் எவாரிஸ்தோ உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் எழுதவில்லை. அதைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

அணி உள்ளே வந்ததும் பொலோ பெரிட்ஜின் தோளைத் தொட்டார். "உக்காரு பெரிட்ஜ். இன்னிக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னடா ஆச்சு உனக்கு?"

"தெரியல பொலோ." உண்மையிலேயே தெரியவில்லை. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதே கை. காய்ப்பும் வளைந்த சுண்டுவிரலும் அப்படியே. நேற்று வரை இருந்தது எது, இன்று காலை எந்த வேளையில் போனது? தூங்கி எழுந்தவன் பேச வாயைத் திறந்தால் வார்த்தை வராதது போல இருந்தது.

பந்து எறிகிற வில்மோர் மூலையிலிருந்து எழுந்து வந்தான். மலை மாதிரி ஆள், பேச்சு குறைவு. "அவன் உக்காந்தா நானும் உக்காருவேன்."

"நீ எதுக்குடா?"

"பதினோரு வருஷமா முதுகைத் திருப்பிட்டு நிக்கறேன். பின்னால யாருன்னு திரும்பிப் பார்த்ததில்ல. இனிமே போய் அந்தப் பழக்கம் எனக்கு வராது."

பொலோ தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படித்தான் பெரிட்ஜ் மூன்றாம் இன்னிங்ஸுக்கு மறுபடி இறங்கினான்.

இறங்கியவன் தன் இடத்துக்குப் போகாமல் நடுவரிடம் போனான். "ஒரு நிமிஷம் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து காலணியைக் கழற்றினான்.

"இது என்ன, கடற்கரையா?" என்றார் நடுவர்.

வெளியூர் மைதானங்களில் ஆட்டத்துக்கு முன்னால் பெரிட்ஜ் வெறுங்காலோடு இரண்டாம் தளத்திலிருந்து மூன்றாம் தளம் வரை போய்த் திரும்புவான். எல்லோருக்கும் தெரியும். அப்பா வழியில் வந்த ஏதோ ஜெபம் என்று நினைத்தார்கள். அவனும் யாராவது கேட்டால் ஜெபம் என்றுதான் சொல்வான், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். சொந்த மைதானத்தில் அதைச் செய்ததே இல்லை. இப்போது எண்ணூறு பேர் நடுவில், மூன்று பந்தை விட்ட பிறகு செய்தான். சில பெண்கள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள்.

நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டான். விழுந்த பல்லை நாக்கு தேடுவது மாதிரி பாதம் தேடியது. இரண்டாம் தளத்திலிருந்து ஒன்பதாவது அடியில் குதிகாலில் குத்த வேண்டியது குத்தவில்லை. அதற்கப்புறம் பெருவிரலை நெருடுவது இல்லை. பஞ்சு மாதிரி மண். அப்போதுதான் புரிந்தது. பந்தை அவன் பார்த்துப் பிடித்ததே இல்லை. கல் எங்கே என்று உடம்பு அறிந்திருந்தது. கல்லிலிருந்து பந்து எங்கே போகும் என்பதை அது தானாகக் கணித்தது. இன்றைக்கும் கணித்துக்கொண்டுதான் இருக்கிறது, இல்லாத கல்லுக்கு.

நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். ஆல்மா துணி சுற்றிய கைகளைக் கோத்து வாயில் வைத்து நின்றாள். அவளைச் சுற்றி அந்த நாற்பது பேர். பெரிட்ஜ் பார்வையைத் தாழ்த்திக் காலணியை மாட்டிக்கொண்டான்.

அதன் பிறகு அவன் நிற்கிற இடம் மாறியது. பழைய இடத்திலிருந்து எட்டடி முன்னால், புல் முடிகிற கோட்டில் போய் நின்றான். அவ்வளவு கிட்டே எவனும் நிற்க மாட்டான். பந்து கண்ணில் படுவதற்குள் நெஞ்சில் படும்.

"பல்லு மிச்சம் இருக்கறது புடிக்கலயா?" என்று லா எஸ்பிகாவின் ஷார்ட்ஸ்டாப் சாமுவேல் லேக் வெளியே இருந்து கத்தினான்.

இந்த மண்ணில் பந்து மெதுவாக, தாழ்வாக வரும் என்பதைப் பாதம் சொல்லியிருந்தது. அது மண்ணில் சோர்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். முதலில் ஒன்றைத் தடவித் தடவி எடுத்தான். அடுத்ததைச் சரியாக எடுத்தான். ஐந்தாம் இன்னிங்ஸுக்குள் எண்ணூறு பேரும் மறுபடி முதல் தளத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஏழாவதில் ஒருவன் அடித்த பந்து வில்மோரின் காலில் பட்டு எதிர்ப்பக்கம் திரும்பியது. பெரிட்ஜ் ஓடிய திசையிலிருந்து அப்படியே சரிந்து விழுந்து, கையுறை இல்லாத வெறுங்கையால் அள்ளி, படுத்தபடியே எறிந்தான். பந்து போய்ச் சேர்ந்தபோது அவனுடைய தொப்பி இன்னும் காற்றில் இருந்தது.

சாமுவேல் லேக் எழுந்து நின்றுவிட்டான். எதிரணி ஆள், கைதட்டவும் முடியாமல், உட்காரவும் முடியாமல்.

ஆனால் மூன்று ஓட்டம் போனது போனதுதான். கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸில் லா எஸ்பிகா மூன்று, சான்டா இனேஸ் இரண்டு என்ற நிலையில், இரண்டு பேர் அவுட், மூன்றாம் தளத்தில் ஒருவன் காத்திருக்க, மட்டை பிடிப்பது பெரிட்ஜின் முறை. அன்றைக்கு ஒருவரும் யானிகேகே வாங்கப் போகவில்லை. மூன்று பந்து, மூன்று வீச்சு, மூன்றிலும் காற்று. ஆட்டம் முடிந்தது.

தோன் எவாரிஸ்தோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். கூட்டமும் பின்னாலேயே இறங்கி வந்தது.

"முதல் ரெண்டு இன்னிங்ஸ்ல மூணு தப்பு. அதுக்கப்புறம் ஏழு இன்னிங்ஸ்ல ஒண்ணு கூட இல்ல" என்றார். "காரணம் இருந்தா சொல்லு. கேக்கறேன். இல்லன்னா பட்டியல்ல என்ன எழுதணும்னு எனக்குத் தெரியும்."

பெரிட்ஜ் தரையைப் பார்த்தான். சொன்னால் போதும், ஒரு வரி. அந்த ஒரு வரி நாற்பது பேர் முகத்தில் போய் விழும், எல்லோருக்கும் முதலில் ஆல்மாவின் முகத்தில்.

"வெயில் கண்ணுல பட்டுச்சு ஐயா."

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். காலையிலிருந்து மேகம். ஒரு நிழல்கூட விழவில்லை.

ஆல்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் அவன் அவளிடம் பொய் சொன்னதில்லை, சொல்ல வராது. அந்த முன்னால் நின்ற எட்டடி, காலணியைக் கழற்றியது, தன்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தியது. ஒவ்வொன்றாக அவளுக்குள் போய் உட்கார்ந்தது. அவள் முகம் வெளிறுவதை மிஸ் பேபி பார்த்தாள்.

"பெரிட்ஜ்" என்றாள். "கல்லா?"

அவன் குனிந்து காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"சொல்லு. கல்லு இருந்தாத்தான் உனக்குப் புடிக்க வருமா?"

"விடு ஆல்மா."

அவள் நிர்வாகியிடம் திரும்பினாள். "ஐயா, அவன் விடல, நாங்கதான் விட்டோம். அவனுக்குத் தெரிஞ்ச தரைய நாங்க ஒரே நாள்ல எடுத்துட்டோம். மூணு இன்னிங்ஸுக்குள்ள அவன் புதுசாக் கத்துக்கிட்டான். கல்லு ஒடச்சது நான். எழுதறதுன்னா என் பேர எழுதுங்க."

நாற்பது பேரும் அவரவர் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். கடப்பாரை பிடித்த ஒருவன், பெரிய ஆள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தோன் எவாரிஸ்தோ கைத்தடியால் மண்ணை ஒரு குத்துக் குத்தினார். அது வெண்ணெய்க்குள் போவது மாதிரி இறங்கியது.

"உருளை குடுத்தது நான்" என்றார். பிறகு, "அடுத்த ஞாயிறு மூணாவது ஆட்டம். பொது மைதானம். அங்க ஒருத்தரும் மண்வெட்டி தூக்கிட்டுப் போகக் கூடாது. பட்டியல் அதுக்கப்புறம்."

மூன்றாவது ஆட்டம் கடலோரத்தில் வேறொரு ஆலையின் மைதானத்தில் நடந்தது. பழைய சான்டா இனேஸ் மைதானமே பரவாயில்லை என்று சொல்லவைக்கும் தரை. பெரிட்ஜ் காலணியைக் கழற்றியபோது அது ஜெபம் இல்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஜெபத்தின்போது இருந்ததைவிட அதிக அமைதி. மெல்ல நடந்தான். பாதி தூரம் போனபோது கூட்டத்தில் ஒரு மூச்சு எழுந்தது. திரும்பிப் பார்த்தால் சாமுவேல் லேக், எதிரணிக்காரன், தானும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிட்ஜ் மிதித்த இடத்தை மிதித்து மிதித்துப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

"பட்டப்பகல்ல திருடறான் பாரு" என்று ஆல்மா கத்தினாள்.

"கத்துக்கறேன் மிஸ் ஆல்மா, அதுக்கும் தடையா?" என்றான் லேக், ஒரு முள்ளைப் பிடுங்கியபடி.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று சான்டா இனேஸ் ஜெயித்தது. பெரிட்ஜ் பக்கம் பதினோரு பந்து வந்தது, பதினொன்றும் அவுட். மட்டையில் நான்கு முறை இறங்கினான், நான்கும் காற்று. லேக் ஒரு பந்தில் உதட்டைக் கிழித்துக்கொண்டான். ஒரு நடையில் கற்றுக்கொள்கிற விஷயமில்லை போலும்.

திங்கட்கிழமை ஆபீஸ் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. ஷார்ட்ஸ்டாப்: தி. பெரிட்ஜ். தலைநகர்ப் பையனின் பெயர் இடதுபக்க வெளிக்களத்தில். ஆல்மா விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். திரும்பி வரும் வழியில் கரும்பு வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தபோது அவள் கேட்டாள்: "நீ சொல்லு. எங்கெங்க இருந்துச்சோ அங்கெல்லாம் கல்லு பதிச்சுத் தர்றோம். நாற்பது பேரும் ரெடி."

பெரிட்ஜ் கண்ணை மூடி மைதானத்தை நினைத்துப் பார்த்தான். இரண்டாம் தளம், ஒன்பதாவது அடி, அந்த ஒன்று மட்டும். அதற்கப்புறம் வெறும் சிவப்பு. பதினோரு வருஷம். வேறு ஒரு கல்லின் இடம்கூட வாயால் சொல்ல வரவில்லை. நடப்பதை நிறுத்திவிட்டான்.

"என்ன பெரிட்ஜ்?"

"எனக்குத் தெரியல ஆல்மா" என்றான். "எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்ல."